பதிவேட்டில் ஏறாத பாதைகள்: மலையகத் தோட்ட வீதிகளும் எதிர்க்கட்சியின் கேள்வியும்

பொகவந்தலாவை சென். மேரிஸ் தேவாலயத்தின் வளவில் ஒரு தம்பதியின் கல்லறை இருக்கிறது. மனைவி ஜூலியா மார்கரெட் கமரன், ஒளிப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவராக உலகம் கொண்டாடுபவர். 1879இல் இங்கே அடக்கம் செய்யப்பட்டார். மறு ஆண்டில் அவர் அருகிலேயே புதைக்கப்பட்ட கணவர் சார்ள்ஸ் ஹே கமரன். இலங்கையில் வரலாறு படித்த எவருக்கும் கோல்புறூக்–கமரன் ஆணைக்குழு நினைவிருக்கும். அந்தக் கமரன்தான் இவர்.

ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பு–கண்டி வீதியை மக்களின் இராஜகாரிய ஊழியத்தைக் கொண்டே வெட்டுவித்தார். கூலியில்லாத அந்தக் கட்டாய உழைப்பு, ஆணைக்குழுவின் விசாரணையைத் தொடர்ந்து 1832இல் ஒழிக்கப்பட்டது. மறு ஆண்டில் சட்டநிரூபண சபை உருவானது. இன்றைய பாராளுமன்றத்தின் பரம்பரை அங்கிருந்துதான் தொடங்குகிறது. இனி வீதி போடக் காசு வேண்டும், அந்தக் காசைப் பற்றிக் கேள்வி கேட்க ஒரு சபையும் உண்டு என்ற நிலை அப்போது பிறந்தது. அந்த மாற்றத்தில் பங்கு கொண்டவர் உறங்கும் இதே பள்ளத்தாக்கில், சபையின் கேள்வி இன்னும் வந்து சேராத பாதைகள் எத்தனையோ இருக்கின்றன.

ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவை நகருக்குப் பஸ்ஸில் வருகிறவர் இதை உணர மாட்டார். நகரத்தில் இறங்கி ஏதாவதொரு தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு ஆட்டோ பிடித்தால்தான் தெரியும். தார் முடிகிற இடத்தில் தோட்டம் தொடங்கும். பிறகு கருங்கல் அடுக்கிய பழைய பாதை. நடுவே ஐம்பது மீற்றரோ நூறு மீற்றரோ கொங்கிரீட். அதன் தொடக்கத்தில் திறந்து வைத்தவரின் பெயர் பொறித்த கல். மீண்டும் கருங்கல், குழி, சேறு. இந்தத் துண்டு துண்டான பாதையில் இலங்கையின் வீதி நிதி வரலாறு முழுவதையும் வாசித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பாராளுமன்றத்தில் வீதிகளுக்கான நிதியைப் பற்றி எதிர்க்கட்சி பேசும்போதெல்லாம் விவாதம் தொகையைச் சுற்றியே சுழல்கிறது. எவ்வளவு ஒதுக்கினீர்கள், ஏன் குறைத்தீர்கள், எங்கே கொட்டினீர்கள் என்பவை தேவையான கேள்விகள்தான். ஆனால் தோட்டப் பாதையைப் பொறுத்தவரை அவை இரண்டாம் கேள்விகள். முதலில் கேட்க வேண்டியது, இந்தப் பாதை யாருடைய பொறுப்பு என்பதே. அந்தக் கேள்வியைத் தாண்டிப் போனதால்தான் ஆட்சிகள் மாறியும் பாதை மாறவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

துரைமாரின் எதிர்க்கட்சி

இலங்கையின் சபையில் அரச செலவை எதிர்த்து முதலில் உரக்கக் குரல் கொடுத்தவர்கள் ஏழைகளின் பிரதிநிதிகள் அல்லர். கோப்பித் தோட்டத் துரைமார் 1854இல் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். வீதியும் ரயிலும் அவர்களது இடைவிடாத கோரிக்கை. கோப்பி மூட்டைகளை மாட்டு வண்டியில் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கும் செலவே இலாபத்தைத் தின்றது. 1864இல் இராணுவச் செலவைக் குடியேற்ற நாட்டின் வருமானத்திலிருந்து கட்ட வேண்டும் என்ற நிலை வந்தபோது, ஜோர்ஜ் வோல் தலைமையில் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர்கள் சட்டநிரூபண சபையிலிருந்து விலகினார்கள். அடுத்த ஆண்டில் இலங்கைக் கழகம் என்ற அமைப்பும் தோன்றியது. மக்களிடம் வாங்கிய வரியை எதற்குச் செலவழிப்பது என்பதை மக்களின் பிரதிநிதிகளே தீர்மானிக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அவர்கள் பிரதிநிதித்துவப்படுத்திய மக்கள் மிகச் சிலர் என்றாலும் வாதம் சரியானது.

அந்தக் குரலுக்குப் பலன் கிடைத்தது. ரயில் 1867இல் கண்டியையும் 1884இல் ஹட்டனையும் எட்டியது. பெருவீதியிலிருந்து தோட்டங்களுக்குப் பிரியும் வழிகளுக்குக் கிளை வீதிகள் கட்டளைச் சட்டம் ஓர் ஏற்பாடு செய்தது: செலவில் ஒரு பாதி அரசாங்கம், மறு பாதி பயனடையும் தோட்டங்கள், அதுவும் ஏக்கர் கணக்கில். 1902இல் தோட்ட வீதிகளுக்கென்றே தனிக் கட்டளைச் சட்டம் வந்தது. ஒரு பாதைக்கு யார் எவ்வளவு கொடுப்பது, யார் பராமரிப்பது, கணக்கை யார் பார்ப்பது என்பதெல்லாம் அன்று எழுத்தில் இருந்தது.

ஆனால் அந்தப் பாதை தேயிலைக்காக வெட்டப்பட்டது. பெருவீதியிலிருந்து ஸ்டோருக்கும் துரை பங்களாவுக்கும் அது ஒழுங்காகப் போனது. கொழுந்து லொறி போகிற அளவுக்கு மலையில் ஏறியது. தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலுக்கு வர வேண்டிய தேவை அதற்கு இருக்கவில்லை, ஏனெனில் லயத்தில் இருந்தவர்கள் நடந்தே வேலைக்குப் போனார்கள். வெட்டியவர்கள் அவர்கள்தான். கேட்டவர்கள் வேறு, கொடுத்தவர்கள் வேறு.

கேட்க ஆள் இல்லாத கால் நூற்றாண்டு

உள்ளூராட்சியின் வாசல் தோட்டத் தொழிலாளருக்கு முன்கூட்டியே சாத்தப்பட்டிருந்தது. 1930களின் இறுதியில் கிராமச் சபைகள் பற்றிய சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்டத் தொழிலாளருக்கு அதில் வாக்கில்லை என்று ஆக்கினார்கள். கிராமத்துப் பாதையைப் போடும் சபையில் தோட்டத்துக்கு இடமில்லாமல் போனது.

பாராளுமன்றம் மட்டும் சிறிது காலம் திறந்திருந்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் எழுவர் வென்றார்கள். நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, மஸ்கெலியாவில் ஜி.ஆர். மோத்தா ஆகியோர் அவர்களில் அடங்குவர். மறு ஆண்டில் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் அந்த எழுவரில் எவருக்கும் தொகுதி மிஞ்சவில்லை. தொண்டமான் நுவரெலியா–மஸ்கெலியா பல அங்கத்தவர் தொகுதியின் மூன்றாவது உறுப்பினராகத் தேர்தல் மூலம் மீண்டும் சபைக்கு வந்தது 1977இல்.

சுதந்திர இலங்கை தன் வீதி வலையை விரித்த காலம் அது. பஸ் போக்குவரத்து 1958இல் அரசுடைமையானது. கிராமங்களுக்குப் பஸ் போயிற்று. பஸ் போவதற்காகப் பாதை அகலமானது. தொகுதி உறுப்பினர் அமைச்சரைக் கேட்பார், அமைச்சர் தருவார், தராவிட்டால் எதிர்க்கட்சி உறுப்பினர் எழுந்து சண்டை பிடிப்பார். வாக்கில்லாத தோட்டத்துக்காகச் சண்டை பிடிப்பதில் யாருக்கும் இலாபம் இல்லை. கிராமத்துப் பாதையும் தோட்டப் பாதையும் பிரிந்தது அந்தக் கால் நூற்றாண்டில்தான். இன்றைக்கு அந்த இடைவெளியை ஒரு வரவுசெலவுத் திட்டத்தின் ஒதுக்கீட்டால் மூட முடியாது.

ஒரு பாதை, நான்கு கைகள்

1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. அவை மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபைக்கும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்துக்கும் போயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் நீண்டகாலக் குத்தகையாகக் கைமாறியது. நிலம் அரசுடையது, பிடி கம்பனியுடையது. வீடு, சுகாதாரம், நலன்புரி ஆகியவற்றைக் கவனிக்கப் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் வந்தது. தோட்டத்தில் அதை ‘ட்ரஸ்ட்’ என்பார்கள். மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்யும் சபையாகப் பிரதேச சபை இருந்தது.

ஆக, ஒரு பாதைக்கு அரசு, கம்பனி, ட்ரஸ்ட், பிரதேச சபை என நான்கு கைகள். பாலம் உடைந்தால் நான்கும் விலகிக்கொள்ளலாம். கம்பனி, எங்கள் வேலை தேயிலை, பொதுப் போக்குவரத்து அரசின் வேலை என்று சொல்லும். பிரதேச சபை, அது தோட்டத்து எல்லைக்குள் கிடக்கிறது, சட்டம் இடம் தரவில்லை என்று சொல்லும். இந்தப் பதில் வெறும் சாக்குமல்ல. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளில் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாகவே நின்றது. தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த உறுப்பினர், தன் லயத்துக்குப் போகும் பாதைக்குச் சபைக் காசில் ஒரு வண்டி கல் போட முடியாத நிலை முப்பது ஆண்டுகள் நீடித்தது.

2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டில் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையும் சட்டமானது. அதற்குச் சற்று முன்னர் நுவரெலியா மாவட்டத்தின் பெரிய பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு, அம்பகமுவவிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா ஆகிய சபைகள் உருவாகின. பொகவந்தலாவை நோர்வூட் பிரதேச சபைக்குள் வந்தது. மலையகத் தமிழர் பெருந்தொகையாக வாழும் மாவட்டத்தில் இது பெரிய முன்னேற்றம். ஆனால் சட்டம் செய்தது தடையை நீக்குவதை மட்டுமே. சபை செலவிடலாம் என்றது; செலவிட வேண்டிய பாதைகள் இவை என்று பட்டியல் எதையும் தரவில்லை; அதற்கான வருமானத்தையும் தரவில்லை. பெரும்பாலும் தோட்டங்களையே கொண்ட ஒரு புதிய சபைக்கு, கடைவீதியில் கிடைக்கும் சிறு வரியை வைத்துக்கொண்டு மலைப்பாதைகளைத் தாங்க முடியுமா?

இலங்கையின் வீதிகளுக்கு ஒரு படிநிலை உண்டு. ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சி, டி வகை வீதிகள் மாகாணத்துக்கு உரியவை. அதற்குக் கீழே உள்ளூராட்சி வீதிகள். அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியா போகும் வீதிக்கு ஏ7 என்று பெயர். அந்தப் பெயர்தான் அதன் உயிர். பெயர் இருப்பதால் பதிவேட்டில் இருக்கிறது. பதிவேட்டில் இருப்பதால் ஆண்டுதோறும் பராமரிப்புக் கணக்கில் வருகிறது. மண்சரிந்தால் மண்ணள்ளும் இயந்திரம் வருகிறது. தோட்டப் பாதைக்கு இருப்பது தோட்டத்தின் பெயர் மட்டும்.

ஆசனம் மாறினால் பேச்சும் மாறும்

இந்தப் பின்னணியில் எதிர்க்கட்சியின் விமர்சனம் எப்படி இயங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தெற்கு அதிவேக நெடுஞ்சாலையின் முதற்கட்டம் 2011இலும் கட்டுநாயக்க நெடுஞ்சாலை 2013இலும் திறக்கப்பட்டன. அன்று எதிர்க்கட்சியில் இருந்தவர்கள், ஒரு கிலோமீற்றருக்கான செலவு மிதமிஞ்சியது, கடன் நாட்டை அழுத்தும் என்று எச்சரித்தார்கள். 2015இல் அவர்களே ஆட்சிக்கு வந்து மத்திய அதிவேக நெடுஞ்சாலையை முன்னெடுத்தார்கள். 2019க்குப் பின் வந்த ஆட்சி ஒரு இலட்சம் கிலோமீற்றர் வீதித் திட்டத்தை அறிவித்தது. அதற்குப் பணம் எங்கே என்று அப்போதைய எதிர்க்கட்சிகள் கேட்டன. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. பாதி போட்ட வீதிகள் பாதியில் நின்றன. மத்திய நெடுஞ்சாலையின் கடவத்தை–மீரிகம பகுதியும் அப்படியே முடங்கி, 2025 செப்டெம்பரில், நீண்டகாலம் எதிர்க்கட்சியில் இருந்த அநுர குமார திசாநாயக்கவின் ஆட்சியில் மீண்டும் தொடங்கியது.

இதில் எவரையும் பழிப்பது என் நோக்கமில்லை. கடன் பற்றிய எச்சரிக்கை உண்மையாயிற்று; கேட்டவர்கள் கேட்டது நியாயமே. நான் கவனிப்பது வேறொன்றை. பெருவீதியின் கிலோமீற்றர் செலவைப் பற்றி இத்தனை ஆண்டுகள் அனல் பறந்த அதே சபையில், வீதிப் படிநிலைக்கு வெளியே கிடக்கும் பாதைகளின் சட்ட நிலை பற்றிய பேச்சு மிகக் குறைவு.

மலையகப் பிரதிநிதிகளுக்கும் இதே சுழற்சிதான். பழனி திகாம்பரம் 2015 முதல் தோட்ட உட்கட்டமைப்புக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்தார். 2019 இறுதியில் எதிர்க்கட்சிக்குப் போனார். ஜீவன் தொண்டமான் 2020இல் இராஜாங்க அமைச்சர், 2023இல் நீர் வழங்கல், தோட்ட உட்கட்டமைப்பு அமைச்சர்; 2024இல் எதிர்க்கட்சி. ஒருவர் அமைச்சராக இருந்தபோது மற்றவரின் அணி அவரை விமர்சித்தது. 2024 நவம்பர் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தின் எட்டு ஆசனங்களில் ஐந்தைத் தேசிய மக்கள் சக்தி வென்றது. திகாம்பரம், வே. இராதாகிருஷ்ணன், ஜீவன் தொண்டமான் ஆகிய மூவரும் இப்போது ஒரே எதிர்க்கட்சி வரிசையில் இருக்கிறார்கள்.

அவர்களில் பலருக்கு அமைச்சின் கோப்புகள் தெரியும். எந்தத் தடையால் எந்தப் பாதை நின்றது என்பதை உள்ளிருந்து பார்த்தவர்கள். ஆளும் தரப்பிலும் மாவட்டத்தின் ஐந்து உறுப்பினர்கள் இருக்கிறார்கள். பெருந்தோட்ட, சமூக உட்கட்டமைப்பு அமைச்சில் சமந்த வித்யாரத்னவும் பிரதி அமைச்சர் சுந்தரலிங்கம் பிரதீப்பும் இருக்கிறார்கள். பழியைப் பக்கம் மாற்றிப் பக்கம் எறியும் பழக்கத்தை விட்டுவிட்டு, சட்ட நிலையைத் தீர்க்க இதைவிட ஏற்ற சபை அமைவது அரிது.

2025 வரவுசெலவுத் திட்ட உரையையே எடுத்துக்கொள்வோம். தோட்ட வீடமைப்புக்கும் உட்கட்டமைப்புக்கும் 4,267 மில்லியன் ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. அதே உரையில் வட மாகாணத்தின் கிராமிய வீதிகளுக்கும் பாலங்களுக்கும் 5,000 மில்லியன் ரூபாய் தனியாகப் பெயர் சொல்லி ஒதுக்கப்பட்டது. போர் தின்ற வடக்குக்கு அது தேவையான காசு. அதில் ஒரு ரூபாயும் குறையக் கூடாது. ஆனால் இரண்டு வரிகளின் அமைப்பில் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். வடக்கின் வீதி, வீதியாகவே பெயர் பெற்றது. மலையகத்தின் வீதி, உட்கட்டமைப்பு என்ற பெரிய மூட்டைக்குள் போயிற்று. மூட்டைக்குள் போனதை அடுத்த ஆண்டில் எண்ணிக் காட்டச் சொல்வது கடினம்.

மழை வைத்த கணக்கு

2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் அந்தக் கணக்கை எல்லோர் முன்னும் விரித்தது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மலைகள் சரிந்தன. மலையக ரயில் பாதை துண்டிக்கப்பட்டது. நேரடிச் சேதம் ஏறத்தாழ 4.1 பில்லியன் டொலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. வீதி, பாலம், ரயில், நீர் வழங்கல் ஆகிய உட்கட்டமைப்பே அதில் பெரும் பங்கு. எச்சரிக்கைகளை அரசாங்கம் உரிய நேரத்தில் பொருட்படுத்தவில்லை என்று எதிர்க்கட்சிகள் சாடின. டிசம்பரில் 500 பில்லியன் ரூபாய்க்கான குறைநிரப்பு மதிப்பீட்டைப் பாராளுமன்றம் ஏற்றது.

பெருவீதிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவற்றுக்குப் பொறுப்பானவர் யார் என்பது தெரிந்ததால் திறந்தன. தோட்டத்துக்குள் சரிந்த மண்ணை அள்ள மண்வெட்டியும் கையும் மட்டுமே என்ற நிலை எத்தனை டிவிஷன்களில் இருந்திருக்கும் என்பதை மலையில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மலைப்பாதையைக் கெடுப்பது தண்ணீர். பக்கக் கான் அடைபட்டால் தண்ணீர் பாதை நடுவே ஓடும். மதகு அடைபட்டால் பாதையைத் தாண்டிக் குதிக்கும். தாங்கு சுவரின் பின்னால் ஊறினால் சுவரோடு பாதையையும் தள்ளிவிடும். இவற்றைத் தடுக்கப் பெரிய தொகை தேவையில்லை. மழைக்கு முன் கான் வெட்டி, மதகைத் துப்புரவாக்க ஆண்டுதோறும் சிறு தொகை போதும். அதைத்தான் இன்றைய முறை தருவதில்லை. நூறு மீற்றர் கொங்கிரீட்டுக்குத் திறப்பு விழா உண்டு, கான் வெட்டுவதற்கு விழா இல்லை. பராமரிப்பை ஏற்றுக்கொள்ளும் நிறுவனம் எழுத்தில் இல்லாதபோது அந்தக் கொங்கிரீட்டும் சில மழைகளில் அடியரித்துப் போகிறது.

அதன் விலையைக் கட்டுபவர்கள் யாரென்று தெரியும். பிரசவ வலி கண்ட பெண்ணைக் கொழுந்து லொறியில் ஏற்றி, பள்ளம் பார்த்துப் பார்த்து இறக்குகிறார்கள். பாதை கெட்டதும் பஸ் நிற்கிறது. உயர்தரம் படிக்க நகரத்துக்குப் போகும் பிள்ளை ஆட்டோவுக்குக் காசில்லாத நாளில் வீட்டில் நிற்கிறது. முதியவருக்கு மாதாந்தக் கிளினிக் தவறுகிறது. நாட்கூலியைக் கூட்டக் கோரிப் போராடும் சமூகம், கூடிய கூலியின் ஒரு பகுதியைப் பாதைக்கே தண்டமாகக் கொடுக்கிறது.

எதிர்க்கட்சியின் கையில் உள்ள கருவி

அரசியலமைப்பின் 152ஆம் உறுப்புரைப்படி, திரட்டு நிதியத்திலிருந்து பணம் எடுக்கும் பிரேரணையை அமைச்சர் ஒருவரே கொண்டுவரலாம். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒரு பாதைக்குப் பணம் ஒதுக்கும் பிரேரணையைக் கொண்டுவர முடியாது. அவருக்கு இருப்பது கேள்வி மட்டுமே: வாய்மூல விடைக்கான வினா, குழுநிலை விவாதம், அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு, கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை. ஆகவே கேள்வியின் தரமே அவரது பலம்.

ஒதுக்கீடு ஏன் குறைந்தது என்று கேட்டால், முன்னைய ஆட்சி கஜானாவைக் காலியாக்கியது என்ற விடை எப்போதும் தயாராக இருக்கும். நோர்வூட் பிரதேச சபை எல்லைக்குள் உள்ள தோட்டப் பாதைகள் எத்தனை, அவற்றில் எவை எந்த நிறுவனத்தின் பதிவேட்டில் உள்ளன, எவை எங்கும் இல்லை, கம்பனியிடமிருந்து சபைக்கு எவற்றைக் கைமாற்ற அமைச்சு இணங்குகிறது, எந்தத் திகதிக்குள், பராமரிப்புக்கு எந்தச் செலவினத் தலைப்பின் கீழ் எவ்வளவு என்று கேட்டால் அந்த விடை செல்லாது. பதில் ஹன்சாட்டில் ஏறும். ஏறிய பதிலை அடுத்த ஆண்டில் மீண்டும் எடுத்துக் காட்டலாம், எந்த ஆட்சி வந்தாலும்.

பக்கத்து நாட்டில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. இந்தியாவின் பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பரில் தொடங்கியபோது, சமவெளியில் 500 பேரும் மலை மாநிலங்களில் 250 பேரும் வாழும், சாலை இணைப்பில்லாத குடியிருப்புகளை முதலில் பட்டியலிட்டார்கள். எந்தச் சாலை எந்தக் குடியிருப்பை இணைக்கிறது என்ற அடிப்படை வலை மாவட்டந்தோறும் எழுதப்பட்டது. சாலை போட்ட ஒப்பந்தக்காரரே ஐந்து ஆண்டுகள் பராமரிக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது. அங்கும் குறைகள் உண்டு. ஆனால் பட்டியலில் உள்ள சாலை வராவிட்டால், வரவில்லை என்று சுட்டிக்காட்ட ஒரு தாள் இருந்தது.

மலையகத்துக்கும் அப்படியொரு தாள்தான் முதல் தேவை. அதைக் கேட்கச் சபை உறுப்பினருக்காகக் காத்திருக்க வேண்டியதுமில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பொகவந்தலாவையில் படித்துவிட்டு வேலை தேடும் ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ தங்கள் டிவிஷன் பாதை எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று பிரதேச சபையிடமும் அமைச்சிடமும் எழுதிக் கேட்கலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். எங்கள் பதிவேட்டில் இல்லை என்று பதில் வந்தால், அந்தக் கடிதமே பாராளுமன்ற வினாவின் முதல் வரி.

கோப்பித் துரைமார் கேட்டார்கள். அவர்களது மூட்டைக்கு வழி பிறந்தது. அவர்களுக்குச் சபையும் ஏக்கர் கணக்கும் இருந்தன. இன்று லயத்தில் இருப்பவருக்கு வாக்கு இருக்கிறது, சபையும் இருக்கிறது. மிச்சமிருப்பது கணக்கு. தார் முடிகிற இடத்திலிருந்து கடைசி லயத்து வாசல்வரை எத்தனை மீற்றர், அது யார் பெயரில் என்று எழுதிய ஒரு பதிவேடு நோர்வூட் பிரதேச சபையின் மேசையில் விரியும் நாளில்தான், வரவுசெலவுத் திட்ட விவாதம் பொகவந்தலாவையின் மேல் டிவிஷனுக்கு ஏறத் தொடங்கும்.